கறுப்பைக் காட்ட முடியாத கண்ணாடி

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லாஸ் வேகஸ் நகரில் நடந்த சிஇஎஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியில் எல்ஜி நிறுவனம் 77 அங்குல ஒளிபுகும் தொலைக்காட்சி ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. அணைத்திருக்கும்போது வெறும் கண்ணாடியாக நின்று, இயக்கியதும் அந்தரத்தில் படம் காட்டும் அதன் அழகைப் பலரும் வியந்து எழுதினார்கள். என்னை ஈர்த்தது, தேவைப்படும்போது அதன் பின்புறத்தில் மேலெழுந்து கண்ணாடியை மூடிக்கொள்ளும் கறுப்புப் படலம். ஒளி புகுவதற்காகவே செய்த திரைக்கு ஒளியைத் தடுக்கும் படலம் எதற்கு? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தாலே இத்தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

சாதாரண எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்விளக்கின் வெள்ளை ஒளி, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் புகவிடும் போலரைசர் படலம், ஒளியைப் புள்ளி புள்ளியாகக் கட்டுப்படுத்தும் திரவப்படிக அடுக்கு, வண்ண வடிகட்டி, மற்றொரு போலரைசர் ஆகியவற்றைக் கடந்து நம் கண்ணை அடைகிறது. பின்விளக்கை நீக்கிவிட்டால் அதுவே ஒருவகை ஒளிபுகும் திரைதான். ஆனால் முதல் போலரைசரே ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிட, எஞ்சியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மட்டுமே வண்ண வடிகட்டிகள் விடுவதால், மறுபுறம் வந்து சேர்வது பத்தில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். இவ்வகைத் திரையைப் பெரும்பாலும் உள்ளே பலமான விளக்கு எரியும் காட்சிப் பெட்டிகளிலும் குளிர்சாதனப் பெட்டிக் கதவுகளிலும் பொருத்துவதன் காரணம் இதுவே. இதில் வெள்ளைப் பகுதி தெளிவாகவும், கறுப்புப் பகுதி மறைப்பாகவும் இருக்கும்.

எல்ஜி தொலைக்காட்சியில் உள்ளது போன்ற ஓஎல்இடி திரையில் நிலைமை தலைகீழ். அதன் ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தின் ஒவ்வொரு நுண்புள்ளியும், தானே ஒளிர்வது. மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே ஒளியையும் புகவிடக்கூடிய இண்டியம் டின் ஆக்சைடு போன்ற பொருள்களால் மின்முனைகளை அமைக்கலாம். பிக்சல்களை இயக்கும் டிரான்சிஸ்டர்களுக்கும், டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிதேயோ ஹொசோனோ குழுவினர் 2004இல் செய்துகாட்டிய இண்டியம்-காலியம்-துத்தநாக ஆக்சைடு போன்ற ஒளிபுகும் குறைகடத்திகள் இருக்கின்றன. அப்படியும் ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு பகுதி ஒளிர்வதற்கும் மறுபகுதி பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைப் புகவிடுவதற்கும் ஒதுக்கப்படுவதாலும், இடையே உலோகக் கம்பிகள் ஓடுவதாலும், விற்பனைக்கு வந்த திரைகளில் புகும் ஒளி ஏறத்தாழ 40 விழுக்காடாகவே இருக்கிறது. இத்திரையால் ஒளியைச் சேர்க்க முடியும். பின்னாலிருந்து வரும் ஒளியை வேண்டிய இடத்தில் கழிக்க முடியாது. கறுப்பு என்பது ஒளியின்மை. பிக்சலை அணைத்தால் அங்கே கறுப்புக்குப் பதிலாகப் பின்னாலுள்ள சுவர் தெரியும். இரவுக் காட்சி நிறைந்த திரைப்படத்தில் நிழல்கள் எல்லாவற்றிலும் நம் வீட்டுச் சுவரும் சன்னலும் புகுந்துவிடும். அந்தக் கறுப்புப் படலம் இதற்காகத்தான்.

மூன்றாவது வழி ஒன்றை ஜப்பான் டிஸ்பிளே நிறுவனம் எடுத்தது. போலரைசரையும் வண்ண வடிகட்டியையும் அறவே நீக்கி, விளிம்பிலிருந்து சிவப்பு, பச்சை, நீல ஒளியை மிக வேகமாக மாற்றி மாற்றிக் கண்ணாடிக்குள் செலுத்தி, வேண்டிய இடங்களில் மட்டும் திரவப்படிகம் அந்த ஒளியைச் சிதறடிக்குமாறு செய்தார்கள். இதில் 80 விழுக்காட்டுக்கும் மேலான ஒளி புகுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. ஒளியைத் தின்னும் அடுக்குகளைத் திருத்த முயலாமல், அவை இன்றியே திரை செய்ய முடியுமா என்று கேட்ட துணிவு அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஏறத்தாழ 60,000 டாலர் விலையில் வந்த அந்தத் தொலைக்காட்சி எனக்குப் பொருத்தமான பயனாகத் தோன்றவில்லை. படம் பார்க்கும்போது பின்னாலுள்ள சுவரை யாரும் பார்க்க விரும்புவதில்லை. பின்னால் இருப்பதும் பார்க்கத்தக்கதாக இருக்கும் இடத்தில்தான் ஒளிபுகும் திரைக்கு வேலை இருக்கிறது. 2020இல் பெய்ஜிங், ஷென்சென் நகரங்களின் சுரங்க ரயில் சன்னல்களில் பொருத்திய 55 அங்குலத் திரைகள் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வாகன ஓட்டிக்கு மட்டும் வேறொரு சிக்கல் உண்டு: வேகம் முதலியவற்றைக் காட்டும் எழுத்து முன்கண்ணாடியிலேயே இருந்தால், தொலைவில் உள்ள சாலைக்கும் அருகில் உள்ள எழுத்துக்குமாகக் கண் குவியத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே கார்களின் முகப்புக் காட்சி அமைப்பு, கண்ணாடியில் படத்தைப் பிரதிபலித்து, அது சில மீட்டர் முன்னால் மிதப்பதுபோல் காட்டுகிறது. தேஜஸ் போர் விமானத்துக்குச் சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் உருவாக்கிய காட்சி அமைப்பும் பிரதிபலிப்பு வகையைச் சேர்ந்ததே. அதில் படம் முடிவிலாத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும்.

நான் மனமார எதிர்பார்க்கும் பயன், எதிரெதிரே நின்று பேசும் இருவருக்கு இடையில் வைக்கும் திரை. ஒருவர் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கி ஒளிபுகும் திரையில் காட்டும் முறையை ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காது கேளாதவர்களுக்காக உருவாக்கினார்கள். எழுத்தைப் படிக்கக் கைப்பேசியைக் குனிந்து பார்த்தால், பேசுபவரின் உதட்டசைவும் முகபாவமும் தப்பிவிடும். இங்கே இரண்டும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. மருத்துவமனையிலும் வங்கியிலும் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று திணறும் முதியவர்களுக்கும் இது பெரும் உதவியாகும்.

அதற்கும் கறுப்பின் சிக்கல் உண்டு. ஒளிரும் எழுத்துக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையோ வெயில் விழும் சுவரோ இருந்தால் எழுத்து கரைந்துவிடும். ஆகவே அலுவலர் அமரும் பக்கத்தில் விளக்கைத் தணிவாக வைத்து, அவர் முகத்துக்குக் கீழே எழுத்து விழுமாறு திரையைப் பொருத்தி, பின்சுவருக்கு அடர்நிறம் பூச வேண்டும்.