ஸ்விட்ச்-பிட்ச் கியர்பாக்ஸும் கடையில் கிடைக்காத ஷாஃப்டும்

1967 ப்யூக் ஜி.எஸ். 400 ஒன்றின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்து, பாகம் தேடி, கிடைக்காததைச் செய்து, திரும்பப் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன். நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம். ப்யூக் வளர்ந்த ஊரான ஃபிளின்ட் இங்கிருந்து அதிக தூரமில்லை. விவரம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாகங்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

இந்தக் கியர்பாக்ஸ் ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 400. ப்யூக்கில் அதற்கு சூப்பர் டர்பைன் 400 என்று பெயர். 1964-ல் வந்தது; 1990-ல் 3எல்80 என்று பெயர் மாறிய பிறகும் பெரிய டிரக்குகளில் ஓடியது. ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார், ஏன், ஃபெராரி 400 கூட இதை வாங்கிப் போட்டுக்கொண்டது. அதனால் கிளட்ச் தட்டு, சீல், பேண்ட், மாடுலேட்டர் எல்லாம் இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கும். ‘அரிய கியர்பாக்ஸ்’ என்று கேட்டவுடன் பயப்பட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். முழுப் பெட்டியில் நான்கைந்து பாகங்கள் மட்டுமே அரியவை. அவை எவை என்று முதலில் பிரித்துத் தெரிந்துகொண்டாலே பாதி கவலை குறைந்துவிடும்.

என் வண்டியில் அந்த நான்கைந்தும் ஸ்விட்ச்-பிட்ச் அமைப்பைச் சேர்ந்தவை. என்ஜினின் சுழற்சியை எண்ணெய் மூலமாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள், எண்ணெயைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் என்ற சக்கரம் உண்டு. சாதாரணக் கன்வெர்ட்டரில் அதன் இதழ்கள் ஒரே கோணத்தில் நிற்கும். 1965 முதல் 1967 வரை ப்யூக், ஓல்ட்ஸ்மொபில், காடிலாக் வண்டிகளில் வந்த 400 கியர்பாக்ஸில் மட்டும், ஜன்னல் தட்டியைத் திருப்புவது போல, அந்த இதழ்களை ஓடும்போதே திருப்பலாம். பான்டியாக்குக்கும் ஷெவர்லேவுக்கும் இது வரவில்லை. ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தால் ஒரு சுவிட்ச் மூடி, பம்பில் இருக்கும் சோலனாய்டுக்கு 12 வோல்ட் போகும், எண்ணெய் அழுத்தம் மாறும், இதழ்கள் திரும்பும், என்ஜின் சட்டென்று வேகமெடுத்து முழு பலத்தைத் தரும். சாதாரணமாக ஓட்டும்போது இதழ்கள் மறு கோணத்துக்குப் போய்விடும்; வழுக்கல் குறையும். கணினி எதுவும் இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு இந்த வண்டி மேல் இருக்கும் ஆசையில் பெரும்பங்கு இதற்காகத்தான். சாதாரண பம்பையும் கன்வெர்ட்டரையும் மாட்டி முடித்துக்கொள் என்று பலர் சொன்னார்கள். வண்டி ஓடும்தான். ஆனால் ஜி.எஸ். 400-ன் குணத்தையே எடுத்துவிட்டு அதைப் பழுதுபார்த்தேன் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

நோய் என்னவென்றால், மிதித்தாலும் இதழ் திரும்பவில்லை. கியர்பாக்ஸ் கூட்டின் பக்கவாட்டில் உள்ள கனெக்டர் வரை மின்சாரம் வந்துகொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தபோது சோலனாய்டு சுருளில் கம்பி அறுந்திருந்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை, கன்வெர்ட்டரின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டான டர்பைன் ஷாஃப்ட். ஸ்டேட்டரை நகர்த்தும் எண்ணெய் இதை ஒட்டித்தான் கன்வெர்ட்டருக்குள் போகிறது. சீல் ரிங் உட்காரும் பள்ளத்தின் ஓரங்கள் தேய்ந்து, ரிங் ஆடிக்கொண்டிருந்தது. சோலனாய்டை மட்டும் சரிசெய்திருந்தால் அழுத்தம் அங்கேயே கசிந்து போயிருக்கும்.

முதலில் பழைய பாகம் தேடினேன். காயலான் கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் புத்தகங்கள் இதற்குப் பெரிய துணை. எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று அவற்றில் பார்க்கலாம். ஜி.எஸ். வண்டியைத் தேடி அலைவதைவிட அதே வருடத்து காடிலாக்கைத் தேடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் அவை எண்ணிக்கையில் அதிகம். காடிலாக்கின் கூடும், 1965, 66 ப்யூக்கின் நெயில்ஹெட் என்ஜினுக்கான கூடும் ஜி.எஸ். 400 என்ஜினில் பூட்டாது. உள்ளே இருக்கும் பம்பும் ஷாஃப்டும் மாறும், அது போதும்.

வாங்கும்போது ஒரு சோதனை: கூட்டில் இருக்கும் கனெக்டரில் இரண்டு முனைகள் இருந்தால் ஸ்விட்ச்-பிட்ச், ஒன்று முழுதாக மிதிக்கும்போது கீழ் கியருக்கு மாற்றும் டீடென்ட்டுக்கு, மற்றது ஸ்டேட்டருக்கு. ஒரே முனை என்றால் சாதாரணப் பெட்டி. விற்பவர் என்ன சொன்னாலும் இதை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் பணம். 1964 காடிலாக்கை 65 என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அந்த முதல் வருடத்தில் இது கிடையாது. தபாலில் வாங்குவதாக இருந்தால் பம்பின் பின்பக்கப் படம் கேளுங்கள். சோலனாய்டு உட்காரும் இடம் தெரியாத படத்தை நம்ப வேண்டாம். ஒரு விற்பனையாளர் ஸ்விட்ச்-பிட்ச் என்று எழுதி சாதாரண பம்பை அனுப்பினார். திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்குவதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது.

பென்சில்வேனியாவில் கார்லைல், ஹெர்ஷி இரண்டு ஊர்களிலும் நடக்கும் பெரிய பழைய பாகச் சந்தைகளுக்கும் போனேன். நல்ல பம்ப் அங்கேதான் அமைந்தது. ஷாஃப்ட்களும் இருந்தன. ஆனால் எல்லாமே அதே இடத்தில் தேய்ந்திருந்தன, அல்லது தண்ணீர் புகுந்து அரித்திருந்தன. அவற்றை விலை குறைத்து வாங்கிக்கொண்டேன். பூட்ட அல்ல, அளக்க. பந்தயக்காரர்களுக்காக 300எம் எஃகில் புது ஷாஃப்ட்கள் விற்கிறார்கள். அவை நிலையான ஸ்டேட்டருக்கானவை. நமக்கு வேண்டிய எண்ணெய் வழி அவற்றில் இருக்காது. சரி, செய்துவிடுவது என்று முடிவானது.

ஐம்பது வருடத்துக்கு மேல் கியர்பாக்ஸ் வேலையே செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இந்தக் கட்டத்தில் வழிகாட்டினார். தேய்ந்த ஷாஃப்டை அப்படியே அளந்து வரைந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுப்பாய், அது போய் உட்காரும் இடங்களை அளந்துகொண்டு வா என்றார். மொத்த வேலைக்கும் இதுதான் சாவி. ரிங் பள்ளத்தின் அகலத்தைப் பழைய ஷாஃப்டில் எடுக்காமல் புது ரிங்கை அளந்து, இடைவெளி சேர்த்துக் கணக்கிட்டேன். ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷுக்குள் சுழலும் பகுதியின் விட்டத்தைப் புது புஷ்ஷின் உள்விட்டத்திலிருந்து எடுத்தேன். அப்புறம் பழைய ஷாஃப்டிலேயே தேயாத இடங்கள் உண்டு. புஷ் தொடாத குறுகிய பட்டை ஒன்று, டர்பைன் ஹப் எட்டாத ஸ்பிளைன் (ஷாஃப்டைச் சுற்றி நீளவாக்கில் வெட்டிய பற்கள்) நுனி ஒன்று. அவை தொழிற்சாலையில் செய்த அளவிலேயே இருந்தன. ஸ்பிளைன் பள்ளங்களில் எதிரெதிராக இரண்டு பின்களை வைத்து, மேலே மைக்ரோமீட்டரால் அளந்தால் பல்லின் தடிமன் கிடைத்துவிடும். இரு வழியிலும் வந்த அளவுகள் ஒத்துப்போன பிறகுதான் வரைபடத்தில் எழுதினேன்.

பட்டறை தேடியபோது ஒரே ஒரு ஷாஃப்ட் செய்து தர யாரும் ஆர்வம் காட்டவில்லை. அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. தோள்பட்டை வரை போய் நிற்கும் ஸ்பிளைனை ஷேப்பரில்தான் வெட்ட வேண்டும், நடுவே நீளத் துளைக்குத் தனி டிரில் வேண்டும். ஒன்று செய்தாலும் பத்து செய்தாலும் அந்த ஏற்பாட்டுக்கான செலவு ஒன்றேதான். ப்யூக், ஓல்ட்ஸ்மொபில் வைத்திருக்கும் வேறு சிலரைத் தொலைபேசியில் பிடித்துச் சேர்த்தேன். முகம் பார்க்காத ஆட்கள் முன்பணம் அனுப்பினார்கள். வரைபடத்தை அனைவருக்கும் காட்டினேன். ஒருவர் தன்னிடம் இருந்த நல்ல ஷாஃப்டை அளந்து, தோளிலிருந்து நுனி வரையான நீளத்தை உறுதி செய்தார்.

முதலில் அலுமினியத்தில் ஒன்றைக் கடைந்து எல்லா இடத்திலும் பொருத்திப் பார்த்தோம். அலுமினியம் மலிவு, தவறு அங்கேயே வெளிப்படட்டும். அதன் பிறகு 4340 எஃகு. கார்பன் ஏற்றிக் கடினப்படுத்தினால் நீளமான ஷாஃப்ட் வளைந்துவிடும் அபாயம் உண்டு. நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினப்படுத்தும் நைட்ரைடிங்கில் சூடு சுமார் 500 டிகிரி செல்சியஸ்தான். எண்ணெயில் முக்கிக் குளிர்விக்கும் வேலையும் இல்லை. வளைவு மிகக் குறைவு. மேற்பரப்பு சில மைக்ரான் பருக்கும் என்பதை முன்பே கழித்து கிரைண்ட் செய்யச் சொன்னேன். வந்த ஷாஃப்ட்களை டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்தபோது முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவரத் தெரியவில்லை.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. சோலனாய்டு சுருளைப் பிரித்து, சூடான எண்ணெய் தாங்கும் எனாமல் பூசிய கம்பியில் அதே தடிமனில், அதே சுற்றுகளுக்கு மறுபடி சுற்றினேன். கன்வெர்ட்டரை அறுத்துத் திறந்து, சுத்தம் செய்து, பற்றவைத்து பேலன்ஸ் பார்க்கும் கடையில் கொடுத்தேன். உள்ளே ஸ்டேட்டர் பிஸ்டன் நல்ல நிலையில் இருந்தது. ஃபார்வர்ட் கிளட்ச் டிரம்மில் புது ஷாஃப்டை பிரஸ்ஸில் ஏற்றினேன். சுத்தியலால் தட்டி ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். முன்பக்க எண்ட் பிளே, அதாவது ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி, 0.003 முதல் 0.024 அங்குலத்துக்குள் வர வேண்டும். தடுப்பு வாஷரை மாற்றிச் சரிசெய்யலாம். மூடுவதற்கு முன்பு பம்பின் ஸ்டேட்டர் வழியில் குறைந்த அழுத்தத்தில் காற்றைக் கொடுத்துக் கேட்டேன். கசியும் சத்தம் இல்லை.

வண்டியில் ஏற்றிய பிறகு, சோதனைக்காக டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தற்காலிக சுவிட்ச் வைத்தேன். சீரான வேகத்தில் போகும்போது அதைப் போட்டால் டேக்கோமீட்டர் முள் ஏறுகிறது, எடுத்தால் இறங்குகிறது. இதழ்கள் திரும்புகின்றன. முன்பணம் கொடுத்தவர்களின் வண்டிகளிலும் ஷாஃப்ட்கள் பொருந்திவிட்டன. வரைபடம் அவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது.

அடுத்த வேலை ஆக்ஸிலரேட்டர் இணைப்பில் வரும் அசல் சுவிட்ச். என்னுடையதன் பிளாஸ்டிக் உடல் வெடித்திருக்கிறது, இப்போதைக்குத் தற்காலிக சுவிட்சில்தான் ஓட்டுகிறேன். 1967 ஜி.எஸ். 400-ல் உடையாத சுவிட்ச் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், விற்க வேண்டாம், கழற்றக்கூட வேண்டாம். அளந்துகொள்ள ஒரு மதியம் கொடுத்தால் போதும்.