ஒன்பதாம் வியாழன்

குழந்தை இயேசுவுக்குத் தோத்திரம். பெங்களூர் விவேக்நகரில் இருக்கிற அவர் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட ஒன்பது வியாழனும் போன 19ஆம் தேதியோடு முடிந்தது. இன்று 23. நாளை ராத்திரி கிறிஸ்துமஸ் பூசை. நாளைக்கு உட்கார நேரம் கிடைக்காது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நேர்ந்தது நான் இல்லை. என் வீட்டுக்காரர்.

அவருக்குக் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். மூடின வருஷமே பிள்ளைகளோடு பெங்களூர் வந்து லிங்கராஜபுரத்தில் குடியேறினோம். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, டிசம்பர் வந்தால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையதுதான். லைன் வீடு லைன் வீடாகக் கேரல்ஸ் போய்விட்டு விடியற்காலை மூன்று மணிக்கு மஃப்ளரோடு வந்து கதவைத் தட்டுவார். அந்தக் குரலைத்தான் 2021இல் எடுத்தார்கள். தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்ததில் குரல்வளையே போயிற்று. உயிர் மிஞ்சியதே சாமி புண்ணியம் என்று டாக்டர் சொன்னார், நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

சின்னப் பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மரச்சட்டம் போட்டது. காப்பி வேண்டும் என்றால் "காப்பி". தலைவலி என்றால் "தலை". கோபம் வந்தால் பலப்பம் உடையும்.

2022 டிசம்பரில் ஒரு சாயங்காலம், மகளோடு போனில் பேசி வைத்துவிட்டு நான் அழுதுகொண்டிருந்தேன். அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. அவர் சிலேட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் நிதானமாக எழுதிக் காட்டினார். "பாப்பா வந்தா 9 வியாழன் விவேக்நகர். அவ உயரத்துக்கு மெழுகுவத்தி." அந்தப் பக்கத்தை அதற்கப்புறம் அவர் அழிக்கவே இல்லை. காப்பியும் தலைவலியும் முன்பக்கத்தோடு நின்றுவிட்டன. ஒரு பக்கம் போதாமல் அழித்து அழித்து எழுதினாரே தவிர, பின்பக்கத்தில் பலப்பம் படவில்லை.

2023 பிப்ரவரியில் அவர் போய்விட்டார். 2024 மே மாதம் பாப்பா வந்தாள். "அவ" என்றுதான் அவர் எழுதியிருந்தார். பெண் என்று அவருக்கு யார் சொன்னது? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மகள் இருப்பது சென்னையில். பிள்ளைப்பேறுக்குப் போய் செப்டம்பர் வரை அங்கேயே இருந்தேன். திரும்பி வந்ததும் காலண்டரை எடுத்து, பாலன் பிறப்புக்கு முன்னால் முடிகிற மாதிரி பின்னாலிருந்து எண்ணினேன். அக்டோபர் 24 முதல் வியாழன். இரண்டாவது தீபாவளி அன்றே விழுந்தது. மாடி வீட்டு அம்மா கொடுத்த அதிரசத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

எனக்கு வயது 71. இரண்டு பஸ். முதல் பஸ் சிவாஜிநகர் வரை. ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் சக்தி சீட்டு கிழித்துக் கொடுப்பார், பெண்களுக்குக் காசில்லை. இந்தத் திட்டம் இல்லையென்றால் ஒன்பது வாரம் போய்வர எனக்குக் கட்டுபடியாகியிருக்காது, அதற்கும் ஒரு தோத்திரம். சிவாஜிநகரில் இறங்கியதும் மாதா கோயில். 1882இல் கட்டி முடித்த கோயில், அதற்கு முன்னால் கூரை வேய்ந்த சின்னக் கோயிலாக இருந்ததாம். புடவை கட்டி நிற்கிற தாயிடம் "மகனைப் பார்க்கப் போறேன்மா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த பஸ் ஏறியதில்லை. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அந்தப் பக்கம் நடப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆறாவது வியாழன் முழங்கால் வீங்கி, ரஸ்ஸல் மார்க்கெட் எதிரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூக்கடை வைத்திருக்கிற ஒரு பாய் ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்து, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார். அந்த ஆட்டோக்காரர்தான் பாதி வழியில் டிராஃபிக்கைப் பார்த்துவிட்டு இன்னும் நூறு ரூபாய் கேட்டார். கொடுத்தேன், வேறு என்ன செய்ய?

கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிழைப்புதான், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் கையைப் பிடித்து இழுப்பதும், வேண்டாம் என்றாலும் மாலையைத் தோளில் போடுவதும், பிறகு விலை சொல்வதும் சரியில்லை. வியாழக்கிழமை என்றால் பெங்களூரில் பாதிப்பேர் அங்கேதான். குங்குமம் வைத்தவர்கள், பர்தா போட்டவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள். அத்தனை பேருக்கும் குழந்தை இயேசு ஒருவர். அது மனசுக்கு நிறைவு. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே நகராமல் நிற்கிறவர்கள்தான் கஷ்டம். அவரைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கிற அரை நிமிஷத்தில் எதற்கு அந்தப் பெட்டி?

பஸ்ஸில் போகும்போதெல்லாம் பழைய டிசம்பர்கள்தான் ஞாபகம் வரும். அப்போது எனக்குத் திருவருகைக் காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்த நாலு வாரம், என்றால் வேலை. சுண்ணாம்பு அடிப்பது, நாலு பிள்ளைகளுக்குத் துணி தைப்பது, ஆறு கிலோ மாவில் கல்கல் பலகாரம் உருட்டுவது, அச்சு முறுக்கு, பிறகு சுரங்கத்து ஷிப்டுக்குச் சாப்பாடு கட்டுவது. ஊதா மெழுகுவர்த்தி மூன்று, ரோஜா நிறத்தில் ஒன்று என்று கோயிலில் வாரம் ஒன்றாக ஏற்றுவார்கள். எத்தனையாவது எரிகிறது என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது. ஃபாதர் "காத்திருங்கள்" என்று பிரசங்கம் வைப்பார், எனக்கு அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்.

இப்போது கல்கல் அரைக் கிலோதான். சீப்பின் மேல் வைத்து உருட்டும்போது கட்டைவிரல் மூட்டு வலிக்கிறது, பத்து உருட்டினால் கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நட்சத்திரம் கட்ட மாடி வீட்டுப் பையன் வந்து ஸ்டூல் ஏறினான். வாழ்த்து அட்டை அனுப்ப நாங்கள் வைத்திருந்த முகவரி நோட்டில், இந்த வருஷம் நான் அடித்த பெயர்களும் போக, அடிக்காத பெயர்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மூன்றாம் ஞாயிறு, ரோஜா மெழுகுவர்த்தி ஏற்றிய அன்று, திரி பிடிக்காமல் பூசைப் பையன் மூன்று தடவை தீக்குச்சி கிழித்ததை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. காத்திருப்பது என்றால் இதுதானா என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

சரி, ஒன்பதாம் வியாழனுக்கு வருகிறேன்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மகளும் வருவதாக இருந்தது. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை, 22ஆம் தேதிக்குத்தான் டிக்கெட். தனியாகவே போனேன். முந்தின நாள் போனில் பாப்பாவை அளந்து சொல்லச் சொன்னேன். அறுபத்தெட்டு சென்டிமீட்டர் என்றாள். இரண்டேகால் அடி. கடையில் இரண்டடி, மூன்றடிதான் இருந்தது. "ரெண்டடி போதும் பாட்டி, சாமி அளந்தா பார்க்கப் போறாரு?" என்றார் கடைக்காரர். மூன்றடியாக வாங்கினேன். வளர்கிற பிள்ளை. சிலேட்டைப் பழைய துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வியாழனும் வீடு திரும்பியதும் அவர் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டுவந்தேன், எட்டுக் கோடு ஆகியிருந்தது.

தமிழ்ப் பூசைக்குப் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. டிசம்பர் 19க்கு எந்த நற்செய்தி என்பது எனக்கு நினைவில் இல்லை. ஃபாதர் வாசிக்கத் தொடங்கியதும் தெரிந்தது. லூக்கா முதல் அதிகாரம், செக்கரியாவும் எலிசபெத்தும். சின்ன வயதிலிருந்து கேட்கிற வாசகம். கேட்கும்போதெல்லாம் நான் எலிசபெத்தைத்தான் நினைப்பேன், மகளுக்காக. அன்றைக்கு, தூபம் காட்ட உள்ளே போன கிழவர் வெளியே வந்து பேச முடியாமல் சைகை காட்டுகிற இடம் வந்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது. ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் நாங்கள் எல்லாரும் வார்டு வாசலில் நின்றோம். அவர் சுவரைப் பிடித்து நடந்து வந்து எங்களைப் பார்த்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அப்புறம் கையை மட்டும் ஆட்டினார்.

செக்கரியாவும் பலகையில்தானே எழுதினார். அவருக்குப் பிள்ளை பிறந்த எட்டாம் நாள் நாவு கட்டவிழ்ந்தது. என் வீட்டுக்காரருக்கு அவிழவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. இதைச் சாமியிடம் கேட்டுவிட வேண்டும் என்று, பூசை முடிந்து குழந்தை இயேசு சுரூபத்தைப் பார்க்க வரிசையில் நிற்கும்போது மனசுக்குள் கோர்த்து வைத்துக்கொண்டேன். கேட்கலாம். அவர் நம் வீட்டுப் பிள்ளைதானே.

வரிசை நகர்ந்தது என்று சொல்ல முடியாது, தள்ளிக்கொண்டு போனார்கள். இடுப்பில் ஒருவர் முழங்கை, காலை மிதித்தது யாரென்று தெரியாது. மெழுகுவர்த்தியை உடையாமல் காப்பாற்றுவதே பெரிய காரியமாகிவிட்டது. அதை ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றிவிட்டுச் சுரூபத்தின் முன்னால் வந்தபோது கையில் சிலேட்டு மட்டும். துண்டைப் பிரித்தேன். பலப்பத்தை எடுத்து ஒன்பதாவது கோட்டைப் போட்டேன், கை நடுங்கியதில் கோடு வளைந்துவிட்டது. பின்னால் கத்தினார்கள். என் பின்னால் நின்ற பெண், தாலிக்கொடியில் மஞ்சள்கூட மாறாதவள், இரண்டு கையையும் விரித்து கூட்டத்தை மறித்துக்கொண்டு, "இருங்க, பாட்டி பார்க்கட்டும்" என்றாள். அவள் வயிற்றில் ஒரு பிள்ளையைக் கொடு சாமி, அவள் எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியாது, வேறு எதுவாக இருந்தாலும் அதைக் கொடு.

சிலேட்டை உயர்த்திப் பிடித்தேன். மகுடம், இடக்கையில் உலக உருண்டை, ஆசீர்வதிக்கத் தூக்கிய வலக்கை. அந்தக் கையைப் பார்த்ததும் கோர்த்து வைத்த கேள்வி போன இடம் தெரியவில்லை. பிராக் நகரத்தில் மூலச் சுரூபத்தின் கதை தெரியும்தானே. 1628இல் ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண் கார்மேல் சபைக்குக் கொடுத்தது. சண்டைக் காலத்தில் தூக்கி எறியப்பட்டு, பீடத்துக்குப் பின்னால் குப்பையோடு கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது இரண்டு கையும் இல்லை. கை இல்லாத அந்தப் பாலனிடம்தான் செபித்தார்கள், அப்புறம்தான் கை வைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை நாங்கள் விவேக்நகர் போனபோது அவர் இந்தக் கதையை வைத்து எனக்கு எழுதிக் காட்டினார்: "அவருக்குக் கை போச்சு. எனக்குக் குரல். எங்களுக்குள்ள பேசிக்க இருக்கு." அதை அன்றைக்கே அழித்துவிட்டார். எனக்கு அழியவில்லை.

அரை நிமிஷம் நின்றிருப்பேன். "இந்தாங்க, ஒன்பது" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருவரிடமும்தான். சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியாத அழுகை. தோத்திரம் சாமி, கொடுத்ததற்குத் தோத்திரம், எடுத்ததற்கும் எப்படியோ இன்றைக்கு வாய் வந்துவிட்டது, தோத்திரம். வெளியே வந்து எந்தப் பஸ் ஏறினேன், எப்படி வந்தேன் என்று ஒன்றும் நினைவில்லை. முழங்கால் வலித்ததாகவும் நினைவில்லை.

நேற்று மகளும் மருமகனும் வந்தார்கள். பாப்பாவுக்கு அவர் காது. மகள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்ததும் பேசாமல் இருந்துவிட்டாள். சாயங்காலம் குடில் வைக்க உட்கார்ந்தோம். வைக்கோல் பரப்பினேன், மருமகன் லைட்டுச் சரத்தை இழுத்துக் கட்டினார். இடையர் ஒருவருக்குக் கால் உடைந்திருக்கிறது, கேஜிஎஃப் காலத்துப் பொம்மை, ஆட்டின் மேல் சாய்த்து வைத்தால் தெரியாது.

பாயில் கிடந்த பாப்பா உருண்டு வந்து, சுவரோரம் சாய்த்திருந்த சிலேட்டைப் பிடித்துவிட்டாள். வாயில் வைத்திருந்த ஈரக் கையால் தட்டித் தட்டித் தேய்த்தாள். மகள் "அம்மா, அப்பா எழுத்து!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கோடு ஒன்பதும் போயிற்று, "வியாழ" வரைக்கும் போயிற்று. பாப்பாவின் உள்ளங்கை முழுக்க வெள்ளை. அந்தக் கையை அவள் மறுபடி வாயில் வைப்பதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

சிலேட்டைக் குடிலுக்குப் பின்னால் மலைக்கு முட்டாக வைத்திருக்கிறேன். பாலனை நாளை ராத்திரி பூசை முடிந்து வந்துதான் வைப்போம். ஜனவரி 14 விவேக்நகரில் திருவிழா, அதற்குப் பாப்பாவோடு இன்னொரு தடவை வருவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.