ஐந்து அரை மணி நேரம்

ஐந்தாம் வகுப்பு வரை ஒரே டீச்சர். தமிழும் அவர்தான், கணக்கும் அவர்தான். நேற்று என்ன எழுதச் சொன்னார், இவன் ஏன் எழுதவில்லை, வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பெல் அடித்தால் ஆள் மாறிவிடுவார். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பேர். நான் கணக்கு.

குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓடும் ஊரில் சில வருடம் வேலை பார்த்தேன். வீட்டுப்பாடமாகப் பயிற்சி 1.2 முழுவதையும் போட்டுவரச் சொல்வேன். அரை மணி நேர வேலை என்று எனக்கு நினைப்பு. ஒரு பையன் வாரத்தில் மூன்று நாள் போடாமல் வருவான். வெளியே நிறுத்தினேன். பத்துத் தடவை எழுதவும் வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் பக்கத்துப் பையன்தான் சொன்னான்: "அவன் தார் சுத்துவானுங்க சார். எட்டு மணிக்கு மேலதான் நோட்டே எடுப்பானுங்க." தார் சுத்துவது என்றால், தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிற வேலை.

அன்று வகுப்பு முழுவதையும், முந்தின நாள் யார் யார் என்ன கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். தமிழுக்குச் செய்யுள் மனப்பாடம், சொல்லும் பொருளும். ஆங்கிலத்துக்கு இரண்டு பக்கம் கையெழுத்து. அறிவியலுக்குப் படம் வரைந்து பாகம் குறிப்பது. சமூக அறிவியலுக்கு ஆறு கேள்வி பதில். அப்புறம் என்னுடையது. ஸ்டாஃப் ரூமில் கூட்டிப் பார்த்தோம். இரண்டரை மணி நேரத்துக்குக் குறையவில்லை. அவரவர் கொடுத்தது என்னமோ அரை மணிதான். அதுவரை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை, கணக்கு வாத்தியாரான நான் உட்பட.

விதி இல்லாமல் இல்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-இல் சொன்னபோது பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. அந்த ஒரு மணியை ஐந்து பேர் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதை நாங்களே உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஒரு நாளைக்கு இரண்டு பாடம் மட்டும் என்று கிழமை பிரித்தோம். கரும்பலகை ஓரத்தில் அன்றைய வீட்டுப்பாடத்தை லீடர் எழுதி வைப்பான். அடுத்து வரும் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியருக்குக் கோபம். "அதிகாரி வந்து நோட்டைத் திறந்தா சிவப்பு மை இருக்கான்னுதானே பார்ப்பாரு? நான் எதைக் காட்டுறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நாங்கள் கொடுத்த வீட்டுப்பாடத்தில் பாதி, நோட்டு நிறைந்து தெரியத்தான். காலையில் மரத்தடியில் உட்கார்ந்து ஒரே நோட்டைப் பார்த்து ஏழு பேர் எழுதுவார்கள். தப்புகூட ஒரே இடத்தில் வரும். அதையும் திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

புள்ளியியல் பாடம் வந்தது. நாலு கோடு நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே கிழிக்கிற கணக்கு. இந்தத் தடவை பயிற்சியைக் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டில், தெருவில் எதையாவது எண்ணிக்கொண்டு வாருங்கள் என்றேன். நிறையப் பேர் பைக்கை எண்ணினார்கள். ஒருத்தி தண்ணீர்க் குடம். அந்தப் பையன் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் போட்டு வந்திருந்தான். தார் சுத்தும்போது ஆறிலிருந்து எட்டு மணிக்குள் நூல் எத்தனை தடவை அறுந்தது என்று கணக்கு. ஒவ்வொரு கால் மணிக்கும் தனித்தனிக் கட்டம். மொத்தம் 37.

"ஏண்டா கண்ணு, இவ்வளவு அறுகுமா?"

"நூல் மோசமுங்க சார். அப்பா இதைப் பார்த்துட்டு நூல்காரருக்குப் போன் பண்ணித் திட்டினாருங்க."