சோப்புக் கட்டியும் மூன்று தோற்றங்களும்: டிராயிங் பழகுகிறேன்

எஞ்சினியரிங் டிராயிங் பழகுகிறேன். அதற்குக் கோடு போடும் கருவியான டிராஃப்டர் வாங்கும் செலவு எனக்கு மிச்சம். பொறியியல் முதலாண்டு முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுப் பரணைத் துழாவினால் மினி டிராஃப்டர் ஒன்று சிக்காமல் போகாது. அக்கா மகனுடையது எனக்கு வந்தது. "வெச்சுக்கோங்க மாமா, அதைப் பார்த்தாலே வைவா எக்ஸாம் ஞாபகம் வருது" என்றான்.

கோடுகளில் ஆரம்பித்தேன். வெளிவிளிம்புக்கு அழுத்தமான தொடர்கோடு, மறைந்த விளிம்புக்குச் சிறு கோட்டுத் துண்டுகள், மையத்துக்கு நீளம்–குட்டை மாறி வரும் மெல்லிய கோடு. தடித்த கோடு மெல்லியதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் படம் தானாகவே எடுப்பாகிவிடும். 2எச் பென்சிலால் லேசாகப் போட்டுவிட்டு, கடைசியில் எச்பியால் அழுத்தினேன். இழுக்கும்போது பென்சிலை விரலுக்குள் மெல்ல உருட்டிக்கொண்டே போனால் முனை ஒரே பக்கம் தேயாது, கோடு முழுக்க ஒரே தடிமனில் நிற்கும். எழுத்துப் பயிற்சி அலுப்பான வேலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, உண்மையான ஆட்டம் தோற்றங்களில்தான், அதாவது ஒரே பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்துத் தனித்தனியாகப் போடும் படங்களில். அவற்றில் எதைத் தாளில் எங்கே வைப்பது என்பதற்கு நம் ஊரில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 கையேடும் அதையே சொல்கிறது. அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் மேலிருந்து பார்த்த படம் முன் தோற்றத்துக்குக் கீழே வரும், இடப்பக்கமிருந்து பார்த்த படம் அதன் வலப்பக்கம் வரும். முதல்முறை படிப்பவருக்கு யாரோ வேண்டுமென்றே குழப்பியது போல இருக்கும்.

துணி சோப்பு ஒரு கட்டியை எடுத்துக் கத்தியால் சீவினேன். இடப்பக்கம் முழு உயரம், வலப்பக்கம் பாதி உயரத்தில் ஒரு படி. முன்பக்கம் நம்மைப் பார்க்க அதைத் தாளில் மல்லாக்க வைத்து, அப்படியே வலப்பக்கம் ஒரு புரட்டு புரட்டினால் மேலே தெரிவது அதன் இடப்பக்கம். பழையபடி வைத்து நம்மை நோக்கிப் புரட்டினால் மேல்பக்கம் தெரியும். சோப்பு எங்கே போய் விழுகிறதோ அங்கேதான் அந்தப் படம். அதற்கப்புறம் எது எங்கே வரும் என்று மனப்பாடம் செய்ய எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அதே சோப்பில் இன்னொன்றும் விளங்கியது. இடப்பக்கமிருந்து பார்த்தால் படி கண்ணில் படாது, உயரமான சுவர் மறைக்கும். அதைத் துண்டுக்கோடாகத்தான் போட வேண்டும். வலப்பக்கமிருந்து பார்த்தால் அதே விளிம்பு பளிச்சென்று தொடர்கோடாக வரும். துண்டுக்கோடு குறைவாக வரும் பக்கத்தைத் தேர்ந்தெடு என்பது விதி. படத்தைப் படிக்கப் போகிறவன் பாவம், அவனுக்கான சலுகை அது. மேல் தோற்றத்தின் அகலத்தைப் பக்கத் தோற்றத்துக்குக் கொண்டுபோக 45 டிகிரியில் ஒரு சாய்கோடு போட்டுக்கொண்டால் ஸ்கேலால் மறுபடி அளக்கும் வேலையே இல்லை.

இந்தக் கணக்குக்கெல்லாம் மூலவர் கஸ்பார் மோஞ்ஜ் என்ற பிரெஞ்சுக்காரர். 18ஆம் நூற்றாண்டில் கோட்டைச் சுவர் வடிவமைப்புக்காக இதை உருவாக்கினார். பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகவே வைத்திருந்து, 1795இல்தான் பாரிஸில் வெளிப்படையாகப் பாடம் நடத்தினார். அக்கா மகனிடம் சொன்னேன். "ரகசியமாவே இருந்திருக்கலாம்" என்றான்.

மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரியப் போடும் ஐசோமெட்ரிக்கை வேகமாகக் கடந்துவிட்டேன். 30 டிகிரி செட் ஸ்கொயர் இருந்தால் போதும். கணக்குப்படி நீளங்கள் 81.6 சதவீதமாகக் குறுக வேண்டும், ஆனால் பார்வைக்குப் போடும் படத்தில் முழு அளவையே வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் என் மரவேலை வைஸுக்கு (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் கருவி) ஒரு புஷ், அதாவது ராடு நுழையும் சிறு குழாய், கடையத்தான். உடல் 28 மி.மீ. விட்டம், ஒரு முனையில் அகன்று நிற்கும் காலர் 40, காலரின் கனம் 8, மொத்த நீளம் 30, நடுவில் 16 துளை. மூன்று தோற்றங்களையும் பழகிவிட்டு உட்கார்ந்தால், கடைசல் சாமானுக்கு ஒரே தோற்றம் போதும்! நீளவாக்கில் வெட்டிய தோற்றம், வெட்டுப்பட்ட இடத்தில் 45 டிகிரி ஹாட்சிங் (நெருக்கமான சாய்கோடுகள்), நடுவே மையக்கோடு, விட்ட அளவுகளுக்கு முன்னால் ⌀ என்ற விட்டக்குறி. குறுக்கே வட்டம் போட்டுக் காட்டத் தேவையே இல்லை.

அளவு எழுதுவதில் ஒரு கட்டுப்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. காலர் 8, மொத்தம் 30 என்று எழுதிவிட்டால் மிச்சம் 22ஐ எழுதக் கூடாது. எழுதினால் மூன்றில் எதைக் காப்பாற்றுவது என்று கடைபவருக்குத் தெரியாது. ஒரே அளவை இரண்டு இடத்தில் போடுவதும் அப்படித்தான்.

துளை எவ்வளவு இறுக்கம் என்பதை மட்டும் பட்டறையில் கேட்டு எழுதலாம் என்று காலியாக விட்டுக் கொண்டுபோனேன். லேத் அண்ணன் தாளை ஒரு தடவை பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. "உள்ள போற ராடு டைட்டா இருக்கணுமா, சுத்தணுமா?"

சுற்ற வேண்டும். அதனால் இப்போது லிமிட்ஸ், ஃபிட்ஸ் பாடம் ஓடுகிறது: அளவு எவ்வளவு விலகலாம், பொருத்தம் எவ்வளவு இறுக்கம் என்ற கணக்கு. 16 எச்7 என்று எழுதினால் (எச்7 என்பது துளை எவ்வளவு விலகலாம் என்பதற்கான குறி) துளை 16.000க்கும் 16.018 மி.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும். என் வெர்னியர் காலிப்பரின் மிகச் சிறிய அளவே 0.02 என்பதால், சரியாக வந்ததா என்று அளந்து பார்க்கக்கூட என்னால் முடியாது. அண்ணனிடம் சொன்னேன். "ராடைக் கொண்டாங்க சார், போட்டுப் பாத்தே கடைஞ்சு தர்றேன்" என்றார்.