பத்மநாபபுரம் ஜில்லா கோர்ட் காலத்துத் தீர்ப்பைத் தேடி எடுப்பது

குமரி மாவட்டத்தில் பழைய பாகப் பிரச்சினை, ஒற்றி (நில அடமானம்) திருப்பு, கோயில் நிலம் என்று எதை எடுத்தாலும், கடைசியில் திருவிதாங்கூர் காலத்து விதி (தீர்ப்பாணை) ஒன்றில் போய் முட்டும். அந்த நகல் எங்கே கிடக்கிறது என்பதைச் சொல்வது அந்த வழக்கு நடந்த கோர்ட்டின் சரித்திரம்தான். சரித்திரம் தெரியாமல் மனுப் போட்டால் "பதிவேடு இல்லை" என்ற பதில்தான் வரும்.

1811-இல் திருவிதாங்கூரில் ரெசிடெண்டும் (பிரிட்டிஷ் பிரதிநிதி) திவானுமாக இருந்த கர்னல் மன்றோ ஐந்து ஜில்லா கோர்ட்டுகளை அமைத்தார். பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா. ஒவ்வொன்றிலும் இரண்டு நீதிபதிகள், தர்மசாஸ்திரம் சொல்ல ஒரு சாஸ்திரி. அதுவரை நியாயம் கேட்டதும் வரி தண்டியதும் ஒரே ஆள்தான், மண்டபத்தும்வாதுக்கல் (தாலுகா) காரியக்காரர். பத்மநாபபுரம் கோர்ட்டின் எல்லை ஏறத்தாழ இன்றைய குமரி மாவட்டம்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், இரணியல், கல்குளம், விளவங்கோடு. பின்னாளில் ஜில்லா கோர்ட் நாகர்கோவிலுக்கு வந்தது. இரணியல் தாலுகாவும் கலைந்து, பெரும்பகுதி கல்குளத்தோடு சேர்ந்தது. ஆகவே பழைய ஆதாரத்தில் (பத்திரத்தில்) "இரணியல் தாலுகா" என்று கண்டால், இன்றைய ஊரைக் கல்குளத்தில் தேடிவிட்டு மற்ற இடங்களுக்குப் போகலாம்.

முதலில் செய்ய வேண்டியது ஆண்டைத் திருத்துவது. அதிகமாகத் தவறுவதும் இங்கேதான். வழக்கு எண் "ஓ.எஸ். 45/1098" (ஓ.எஸ். என்றால் மூல வழக்கு) என்ற பாணியில் இருந்தால் அந்த 1098 கொல்லம் ஆண்டு. கொல்லம் ஆண்டு ஆவணி (சிங்ஙம்) முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825. 1098 ஆவணி என்றால் 1922, அதே 1098 தை என்றால் 1923. சித்திரையில் ஆண்டு பிறக்கும் என்ற நம் பழக்கத்தில் படித்தால் கணக்கு புரண்டுவிடும், கொல்லம் கணக்கில் சித்திரை ஒன்பதாம் மாதம். "12-9-1098" என்ற தேதியைச் செப்டம்பர் என்று எழுதிக் கொடுத்து அலைபவர்கள் நிறைய. அது மேடம் (சித்திரை) 12, 1923 ஏப்ரல் கடைசி வாரம். பழைய ஓலையிலும் ஆதாரத்திலும் ௲௯௰௮ என்று குறியெழுத்தில் இருந்தால், ஆயிரம், ஒன்பது பத்து, எட்டு என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

ஆண்டு தெரிந்தபின் மூன்று தேதிகளோடு ஒப்பிடுங்கள். 1949 ஜூலைக்கு முன்னால் முடிந்த அப்பீல் என்றால் திருவனந்தபுரம் ஹைகோர்ட். திருவிதாங்கூர்–கொச்சி இணைப்புக்குப் பிறகு ஹைகோர்ட் எர்ணாகுளத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1-இல் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்ததும் அப்பீல் சென்னைக்கு, 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளைக்கு. நிலுவையில் இருந்து இந்தப் பக்கத்தை மட்டும் சார்ந்த வழக்குகள் இங்குள்ள கோர்ட்டுகளுக்கு மாறின. முடிந்துபோன அப்பீல்களின் கட்டுகளை (வழக்குக் காகிதங்களை) முடிந்த இடத்திலேயே கேட்க வேண்டும். மூல வழக்கின் கட்டு நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை கோர்ட்டுகளில், அப்பீலின் கட்டு கேரளத்தில் என்று பிரிந்து கிடப்பது சகஜம்.

நகல் மனுவில் கட்சிக்காரர் பெயரை மட்டும் எழுதினால் போதாது. வழக்கு எண், கொல்லம் ஆண்டும் ஆங்கில ஆண்டும் சேர்த்து, கோர்ட்டின் அந்தக் காலத்துப் பெயர், தீர்ப்புத் தேதி, நிலத்தின் பகுதி (அன்றைய வருவாய்க் கிராமம்), பழைய சர்வே எண் எல்லாம் வேண்டும். எண் தெரியாவிட்டால் முதலில் சூட் ரிஜிஸ்டரை (வழக்குப் பதிவேட்டை) பார்க்க அனுமதி கேளுங்கள். வழக்கில் கட்சியாக இல்லாதவர் கேட்டால் காரணம் சொல்லி அஃபிடவிட் (பிரமாண வாக்குமூலம்) கொடுக்க வேண்டும், அந்தக் காரணம் தெளிவாக இல்லாததால்தான் பெரும்பாலான மனு திரும்புகிறது. "குடும்ப வரலாறு" என்று எழுதாதீர்கள். எந்த நிலத்தில் உங்களுக்கு என்ன உரிமை, அது அந்த விதியோடு எப்படித் தொடர்புடையது என்று இரண்டே வரியில் எழுதுங்கள். சாட்சி வாக்குமூலங்களை நம்பி இருக்க வேண்டாம், காலக்கெடு முடிந்தால் அழித்துவிடுவார்கள். தீர்ப்பும் விதியும் அதைவிட நீண்ட காலம் வைக்கப்படுபவை.

கோர்ட்டில் கிடைக்காவிட்டால் இன்னொரு வாசல் உண்டு: பின்னால் எழுதிய ஏதாவது ஆதாரம். விதியின் எண்ணையும் சாரத்தையும் அதில் எழுதியிருப்பார்கள். சார்பதிவாளர் ஆபீஸில் கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளின் வில்லங்கத்துக்குக் கையால் தேடும் மனு கொடுக்க வேண்டும். பெயர் இன்டெக்ஸும் சொத்து இன்டெக்ஸும் தனித்தனி, இரண்டையும் கேளுங்கள். கேரள எல்லையில் களியக்காவிளை ஓரத்துக் கிராமம் என்றால் நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆபீஸ்களையும் விட்டுவிடக்கூடாது. ஜில்லா கோர்ட்டுக்கும் முந்தைய சங்கதி என்றால் திருவனந்தபுரம் கோட்டைக்குள் கேரள ஆவணக் காப்பகத்தின் மதிலகம் (பத்மநாபசுவாமி கோயில்) ஓலைகளும், அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளும்தான் கதி. அதற்குப் பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் கூட வேண்டும்.

கையில் கிடைத்த விதியைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. பணக் கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் (28 சக்கரம்) ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 25 பணம் ஒற்றி என்றால் 3 ரூபாய் 16 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய் என்று குறித்திருந்தால் அது 28½ சக்கரம். நில வகை அதைவிட முக்கியம். பண்டாரவகை (அரசு நிலம்) என்றால் 1865 அரச விளம்பரத்துக்கு (பிரகடனத்துக்கு) பிறகு குடியானவர் கைமாற்றக்கூடிய நிலம். ஸ்ரீபண்டாரவகை என்றால் பத்மநாபசுவாமி கோயிலுடையது, அது ரயத்துவாரியானது (குடியானவர் நேரே அரசுக்குத் தீர்வை கட்டும் நிலம்) 1964-ஆம் வருடச் சட்டத்தால். ஒரு 'ஸ்ரீ'யை விட்டுப் படித்தால் உரிமைக் கணக்கே வேறாகிவிடும்.

வாரிசுச் சட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி (தாய்வழி வாரிசு முறை) குடும்பத்தின் விதி 1101-க்கு (1926) முன்னதா பின்னதா என்று பாருங்கள். அந்த ஆண்டின் நாஞ்சிநாட்டு வெள்ளாளர் சட்டம் வந்த பிறகே பாகத்தின் கணக்கு மாறியது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1092-ஆம் ஆண்டு (1916) வாரிசுச் சட்டம்: மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது. அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1-உடன் முடிந்துவிட்டது என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது குமரி திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தது, ஆகவே இறந்த தேதியைப் பார்க்காமல் பங்கு சொல்லாதீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் கேரள ஆலோசனைகளை அப்படியே எடுப்பது பெரிய கோளாறு. மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 119-ஆம் பிரிவுப்படி, 1956 நவம்பர் 1-க்கு முன்பிருந்த திருவிதாங்கூர்ச் சட்டங்கள் மாற்றப்படும்வரை இங்கே தொடர்ந்தன. அதற்குப் பின் கேரள சட்டசபை செய்தது எதுவும் இங்கே இல்லை. 1963 நிலச் சீர்திருத்தச் சட்டமும் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டமும் எல்லைக்கு அப்பால் பாறசாலையோடு நின்றுவிடும். இங்கே பார்க்க வேண்டியது 'மாற்றப்பட்ட பகுதி' என்ற பெயரோடு சென்னை சட்டசபை செய்தவை.

செங்கோட்டைக்காரர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அந்தத் தாலுகா கொல்லம் ஜில்லாவில் இருந்து திருநெல்வேலிக்கு வந்தது, இப்போது தென்காசியில் இருக்கிறது. பழைய வழக்குக்கு நாகர்கோவிலில் மனுப் போட்டுப் பயனில்லை, கொல்லம் பக்கம்தான் கேட்க வேண்டும்.