அக்காவின் கிரீம், என் பரு

அக்கா பூசும் கெட்டியான கிரீமையே நானும் மூன்று மாதம் பூசினேன். வறண்ட சருமம் அவளுக்கு, முகம் பளபளத்தது. எனக்கு நெற்றியெல்லாம் பரு! சிங்கப்பூர் வெயிலில், தேக்கா சந்தையில் காய் வாங்கி முடிப்பதற்குள் மூக்கில் எண்ணெய் வழியும். ஆபீஸ் ஏசியிலோ கன்னம் இழுக்கும்.

அப்புறம்தான் முகம் கழுவி, எதுவும் பூசாமல் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கின. சரி, கலப்புச் சருமம். (முகம் முழுக்க மினுங்கினால் எண்ணெய்ச் சருமம், முழுக்க இறுகினால் வறண்டது.)

இப்போது மென்மையான ஃபேஸ்வாஷ், ஜெல் மாய்ஸ்சரைசர், கன்னத்துக்கு மட்டும் கொஞ்சம் செராமைடு (சருமத்தின் ஈரத்தைக் காக்கும் ஒரு கொழுப்பு) கிரீம். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல். நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு டிகிரிதான் தள்ளி இருக்கிறோம், மதியம் யுவி குறியீடு (வெயிலின் புறஊதாக் கதிர் அளவு) 11ஐ, அதாவது மிகக் கடுமையான நிலையைத் தொடுவது இங்கே சாதாரணம்.

அக்கா இன்னும் தன் கிரீம்தான் உசத்தி என்கிறாள்.