மருந்து போடாத நாலு பாத்தி

மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையில் வேர்ப்புழுவுக்குப் போட்ட மருந்து நல்லா கேட்டுதுன்னு யாராவது சொன்னால், திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போடாத இடத்தில் எத்தனை செடி செத்தது? போடாத இடமே இல்லை என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அந்த வருஷம் கொல்லையில் புழுவே இல்லாமல் இருந்திருக்கலாம். மழை இல்லாமல் புழு ஆழத்துக்குப் போயிருக்கலாம். இலைப்புழு மருந்தென்றால் அடித்த மூன்றாம் நாள் புழு செத்துக் கிடப்பது கண்ணில் படும். மண்ணுக்குள் நடப்பது அப்படித் தெரியாது. அதனால் மண்ணில் போடும் மருந்துக்கு மட்டும் சோதனை முறையே வேறு.

இந்த முறையை அதிகம் அலசிப் பார்த்தவர்கள் அமெரிக்க மக்காச்சோளக்காரர்கள். அங்கே டயாப்ரோட்டிகா என்ற சிறு வண்டின் புழு மக்காச்சோள வேரைத் தின்கிறது. அந்த வண்டு நம் நாட்டில் இல்லை. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் செடியை வேரோடு தோண்டி, ஊறவைத்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, கணுக் கணுவாக வேரைப் பார்த்து 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். ஒரு கணுவின் வேர் முழுக்கத் தின்னப்பட்டிருந்தால் 1, மூன்று கணுவும் போயிருந்தால் 3. சராசரியோடு நிறுத்தாமல், எத்தனை சதவீத இடங்களில் சேதம் 0.25-ஐத் தாண்டவில்லை என்றும் தனியாக எழுதுவார்கள். சராசரி ஏமாற்றும் என்பதால் இந்த இரண்டாவது கணக்குதான் எனக்குப் பிடித்தது. பத்து இடத்தில் எட்டில் நன்றாக வேலை செய்து இரண்டில் சுத்தமாகக் கைவிட்ட மருந்தும், பத்திலும் சுமாராக இருந்த மருந்தும் சராசரியில் ஒன்றுபோலவே தெரியும். விவசாயிக்கு இரண்டும் ஒன்றல்ல.

வேலூர் பக்கத்துச் செம்மண் மானாவாரிக்கு வருவோம். இங்கே நாம் பேசுவது வெள்ளை வேர்ப்புழு. தென்னிந்தியாவில் மல்லாட்டையையும் கரும்பையும் தாக்குவதில் ஒன்று ஹோலோட்ரைக்கியா செரேட்டா என்ற வண்டின் புழு. கோடை மழை விழுந்ததும் தாய்வண்டு பொழுது சாயும் நேரத்தில் மண்ணிலிருந்து வெளியே வந்து வேம்பு, வேல மரம், இலந்தை, முருங்கை என்று ஏறித் தழையைத் தின்று, இனச்சேர்க்கை முடித்து, விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். புழு இரண்டு முறை தோலுரிக்கும். மூன்றாம் பருவத்துப் புழுதான் அதிகம் தின்னும், அதைக் கொல்வதுதான் கஷ்டமும். ஆடிப்பட்டத்தில் விதைத்த செடி வேர்விடும்போது கீழே இளம்புழு இருக்கும். மருந்து அப்போதே வேர்ப் பகுதியில் இருந்தாக வேண்டும். செடி வாடிய பிறகு ஊற்றும் மருந்தைச் சோதிப்பதில் அர்த்தமில்லை.

இடம் தேர்வில்தான் பாதிச் சோதனைகள் கெடுகின்றன. புழு கொல்லை முழுக்கப் பரவலாக இருக்காது. வரப்பில் வேப்பமரம் இருந்தால் அதையொட்டி அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. மக்காத தொழு உரம் கொட்டிய இடத்திலும் புழு சேரும். ஆனால் எருக்குழியில் கிடைக்கும் பெரிய தடித்த புழு பெரும்பாலும் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டுடையது. அது வேரைத் தின்பதில்லை, அதை எண்ணிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வாலடியில் உள்ள முட்களின் அமைப்பைக் கை லென்ஸில் பார்த்தால் இனம் பிரிக்கலாம். மரத்திலிருந்து ஒரே தூரத்தில் உள்ள பாத்திகள் ஒரு தொகுதியாக அமையும்படி கயிறு பிடியுங்கள். ஆறு மருந்துமுறை என்றால் ஆறும் அந்த ஒரு தொகுதிக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டபடி வர வேண்டும். அடுத்த தொகுதி இன்னும் தள்ளி. தொகுதியை மரத்தை நோக்கி நீளவாக்கில் போட்டுவிட்டால், மரத்தடியில் விழுந்த மருந்து மோசம், தள்ளி விழுந்தது நல்ல மருந்து என்று முடிவு வரும். அப்புறம் எந்தக் கணக்குப்பிள்ளை வந்தாலும் அதைத் திருத்த முடியாது.

அளவு இப்படி வைக்கலாம்: ஒரு பாத்தி 5 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் இடைவெளியில் 12 சால். அதாவது 18 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டருக்கு ஒரு செடி என்றால் பாத்திக்கு 600 செடி. ஆறு முறை, நாலு தொகுதி, மொத்தம் 24 பாத்தி. நடைபாதையும் சேர்த்து ஏறக்குறைய 15 சென்ட் பிடிக்கும். ஆறில் ஒன்று மருந்தே போடாதது, அப்படி நாலு பாத்தி. நிலத்துக்காரர் இதற்குத்தான் முகம் சுளிப்பார். விதைப்பதற்கு முன்பே அந்த நாலு பாத்தி மகசூலுக்கு என்ன விலை என்று பேசிக் கையில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாற்பதாம் நாள் யாரோ இரக்கப்பட்டு அதற்கும் ஒரு பிடி குருணை மருந்து வீசிவிடுவார்கள்.

12 சாலில் ஓரத்துச் சால் இரண்டும் காவல், அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்து உள்ளே உள்ள இரண்டு, தோண்டிப் புழு எண்ண. நடுவில் உள்ள எட்டு, செத்த செடி எண்ணவும் மகசூல் எடுக்கவும். இரு முனையிலும் அரை மீட்டர் விட்டுவிட்டால் நடுவில் 320 செடி நிற்கும். புழு சாலோடு நகர்ந்து பக்கத்துப் பாத்திக்குப் போகும் என்பதால்தான் இந்த ஓரம். களையெடுக்க மாட்டு ஏரோ பவர் வீடரோ குறுக்கே ஓட்டினால் மருந்தும் மண்ணும் பாத்தி மாறிவிடும். சோதனைக் கொல்லைக்குக் கைக்களைதான்.

இனி மருந்து அளவு. லேபிளில் ஹெக்டேருக்கு 25 கிலோ என்று இருக்கும் ஒரு குருணையை எடுத்துக்கொள்வோம், ஏக்கருக்கு 10 கிலோ. சதுர மீட்டருக்கு 2.5 கிராம், 30 சென்டிமீட்டர் சாலில் ஓடு மீட்டருக்கு, அதாவது சால் நீளம் ஒரு மீட்டருக்கு, 0.75 கிராம். 5 மீட்டர் சாலுக்கு 3.75 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்கூட வராது. இதைக் கையால் தூவிச் சமமாகப் போட யாராலும் முடியாது. சால் தொடக்கத்தில் பாதி விழுந்துவிடும், கடைசி ஒரு மீட்டர் வெறுமனே போகும். நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் சாலுக்குச் சால் நிறுத்து, சலித்த காய்ந்த மணல் 40 கிராமோடு கலந்து, சாலுக்கு ஒரு பொட்டலமாக மடித்துக்கொள்ளுங்கள். பாத்திக்கு 12 பொட்டலம், 45 கிராம் மருந்து. மருந்து போடாத பாத்திக்கும் வெறும் மணல் பொட்டலம் உண்டு. பொட்டலத்தில் மருந்து பெயர் வேண்டாம், எண் மட்டும். எண்ணும் ஆளுக்கு எது எது என்று தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால் கண் தானாகவே ஒரு பக்கம் சாயும்.

குருணை விதையைத் தொடக் கூடாது. சாலில் முதலில் குருணை, மேலே இரண்டு விரல் மண், அதற்குமேல் விதை. தொட்டால் சில மருந்துக்கு முளைப்பு அடிபடும், அப்புறம் அதைப் புழு வெட்டியதாக எழுதிவிடுவோம். மேலே சிந்திய குருணையை மண்ணால் மூடிவிட வேண்டும். நம் பக்கம் மயில் வராத மல்லாட்டைக் கொல்லை குறைவு. மருந்து தடவிய விதையையோ குருணையையோ கொத்தினால் மயில் செத்துப்போகும். அது வனவிலங்குச் சட்டத்தில் வழக்காகும், சட்டத்தை விடுங்கள், பாவமும்தான்.

விதைநேர்த்தியும் ஒரு முறையாக இருந்தால், ஒரு பாத்திக்கு 600 விதை, சுமார் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. என்ற திரவப் பூச்சி மருந்து விதை கிலோவுக்கு 12.5 மில்லி என்று வைத்தால் இதற்கு 3 மில்லி. மூடியால் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சால் அளங்கள். மல்லாட்டைப் பருப்பின் தோல் மெல்லியது. அழுத்திப் பிசைந்தால் தோல் உரிந்து பருப்பு இரண்டாகப் பிளக்கும், முளைப்பு குறையும், பழி மருந்து மேல் விழும். பாலித்தீன் பையில் காற்று ஊதிக் கட்டி, மெதுவாக உருட்டி, நிழலில் உலர்த்துங்கள். பூஞ்சாண மருந்து முதலில், பூச்சி மருந்து அடுத்தது, வேர்முடிச்சு நுண்ணுயிரான ரைசோபியம் கடைசியில். மருந்து போடாத பாத்தி விதைக்கும் பூஞ்சாண மருந்து, ரைசோபியம், அதே உருட்டல் எல்லாம் உண்டு. புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தையும் சோதிப்பதானால் இங்கே ஒரு சிக்கல் வரும்: கார்பெண்டசிம் என்ற பூஞ்சாண மருந்து தடவிய விதைக்குப் பக்கத்தில் உயிர்ப் பூஞ்சணத்தைப் போட்டால் அதையும் சேர்த்து அடிக்கும். அந்த முறைக்கு நேர்த்தி வேறாக வேண்டும், அதற்குரிய மருந்தில்லாப் பாத்தியும் தனியாக வேண்டும்.

முளைப்பை 15-ஆம் நாள் எண்ணி வைக்காதவர்கள் பிற்பாடு செத்த செடிக்குச் சதவீதம் போட முடியாது. அதன் பிறகு 30-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை வாடிய செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எல்லாம் வேர்ப்புழு வேலையல்ல. புழு வெட்டிய செடி இழுத்தவுடன் சிரமமில்லாமல் கையோடு வந்துவிடும். ஆணிவேர் பாதியில் துண்டாகி, பக்கவேர் மழித்ததுபோல் இருக்கும். கழுத்தழுகல் என்றால் தண்டும் வேரும் சேரும் இடம் நாராகக் கிழிந்து கருப்புப் பொடி விரலில் ஒட்டும். கரையான் என்றால் ஆணிவேர் உள்ளே குடைபட்டு மண் அடைத்திருக்கும். இந்த மூன்றையும் தனித்தனி பத்தியில் எழுதுங்கள். மூன்றையும் ‘செத்தது’ என்று ஒரே பத்தியில் கூட்டியதால் குப்பைக்குப் போன சோதனைகள் நிறைய.

புழுவை எண்ணுவதற்கு எப்போது, எவ்வளவு தோண்டுவது? மருந்து போட வேண்டிய எல்லை என்று பொதுவாகச் சொல்வது சதுர மீட்டருக்கு ஒரு புழு. ஒரு ஓடு மீட்டர் சால் 0.3 சதுர மீட்டர்தான். பாத்திக்கு நாலு இடத்தில் ஒரு மீட்டர் தோண்டினால் கிடைக்க வேண்டியது சராசரியாக 1.2 புழு. அந்தக் கணக்கில் பத்துப் பாத்தியில் மூன்றில், மருந்தே போடாவிட்டாலும் ஒரு புழுவும் கிடைக்காது. புழு கும்பலாக இருக்கும் என்பதால் உண்மையில் வெறும் பாத்தி இன்னும் கூடும். அதனால்தான் இரண்டு தோண்டும் சாலையும் முழு 4 மீட்டருக்குத் தோண்டச் சொல்கிறேன். 2.4 சதுர மீட்டர், நாலு பாத்திக்கும் சேர்த்து மருந்து போடாததில் பத்துப் புழு அளவுக்கு வரும். நல்ல மருந்து என்றால் அந்த இடத்தில் இரண்டு. பத்துக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம், ஒன்றுக்கும் பூஜ்ஜியத்துக்கும் உள்ளதை நம்ப முடியாது.

தோண்டுவது மழை பெய்து இரண்டு மூன்று நாளில், காலை வெயில் ஏறுவதற்கு முன். மண்வெட்டியால் ஒரு அடி அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி மண்ணைப் படுதாவில் கொட்டி விரலால் உடைத்துப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் புழு கீழே இறங்கிவிடும், 40 சென்டிமீட்டர் போனாலும் எல்லாம் கிடைக்காது. அறுவடைவரை காத்திருந்து எண்ணுவதிலும் இதே வம்பு, அதற்குள் முற்றிய புழு கூட்டுப்புழுவாகக் கீழே போயிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பர்தான் எண்ணும் காலம். கிடைத்த உயிர்ப் புழுக்களை ஒரே டப்பாவில் போடாதீர்கள், ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். தனித்தனிக் குவளையில் ஈரமண் வைத்து மூன்று வாரம் பார்த்தால், மெட்டாரைசியம் பிடித்த புழு செத்துப் பச்சை நிறத்தில் பூத்துவிடும். தோண்டிய அன்று அதை உயிரோடு இருப்பதாக எண்ணியிருப்போம்.

நல்ல மருந்து வயலில் தோற்பதற்கு மண் ஈரம் முதல் காரணம். குருணை கரைய ஈரம் வேண்டும். விதைத்துவிட்டு மூன்று வாரம் மழை இல்லையென்றால் போட்ட இடத்திலேயே கிடக்கும். சரளை மண்ணில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தால் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். அதனால் மழை அளவை நாள்தோறும் கொல்லையிலேயே வைத்த மழைமானியில் எழுதாத சோதனை முடிவை அடுத்த ஊருக்குச் சொல்ல முடியாது. இன்னொன்று, அதே மருந்தை வருஷா வருஷம் போட்ட மண்ணில் அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். மக்காச்சோள வயல்களில் கார்போஃபியூரான் என்ற பூச்சி மருந்துக்கு இது நடந்தது. புழு பழகிவிட்டது என்று நினைத்தார்கள், பழகியது மண். கொல்லையின் ஐந்து வருஷ மருந்துக் கதையை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

பழைய குறிப்புகளில் ஃபோரேட் 10 சதவீதக் குருணை இருக்கும். 2018 ஆகஸ்ட் உத்தரவுப்படி 2020 டிசம்பர் 31 முதல் அது தடை, ஒப்பிடக்கூட வாங்காதீர்கள். லேபிளில் மல்லாட்டை என்று இல்லாத மருந்தை விற்பனைப் பயிரில் போடுவதும் கூடாது. அப்படிப்பட்ட சோதனை விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களின் வேலை.

மல்லாட்டையில் காய் மருந்து போட்ட மண்ணுக்குள்ளேயே வளர்கிறது, எண்ணெயில் கரையும் மருந்து பருப்பில் தங்கும். சோதனைப் பாத்திகளின் காயை எடை போட்ட பிறகு வீட்டுக்கோ செக்குக்கோ அனுப்பாமல் தனியாகக் கட்டி அழித்துவிடுங்கள். கொடியை மாட்டுக்குப் போடக் கூடாது. மருந்து போடாத நாலு பாத்தியின் கொடியையும் கேட்பார்கள், ஓரம் கலந்திருக்கும், கொடுக்காதீர்கள். கிணற்றுக்குத் தள்ளி ஒரு குழி வெட்டி எல்லாவற்றையும் அதில் போட்டு மூடுங்கள்.